மகள் உருஷி கற்க ஜப்பான் போகிறேன் என்கிறாள், அனுப்பலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இன்ஜினியரிங் சீட் கிடைக்கிற மார்க் இருந்தும் பெண் வேறு வழி கேட்கிறாள், "பெயிண்ட் அடிக்கவா இத்தனை படிக்க வைத்தோம்" என்று அவள் அப்பா கோபப்படுகிறார். கோபம் புரிகிறது. ஆனால் உருஷி பெயிண்டும் இல்லை, நம் அரக்கும் இல்லை. அரக்கு ஒரு பூச்சி தருவது, உருஷி ஒரு மரத்தின் பால், ஜப்பானில் மரக் கிண்ணம், தட்டுகளுக்கு மெருகாகப் பூசுவது. பத்துப் பதினைந்து வருஷம் வளர்ந்த மரத்தைப் பருவம் முழுக்கக் கீறி எடுத்தாலும் சுமார் 200 மில்லிதான் தேறும். ஈரக்காற்றில்தான் இறுகும் என்பதால், பூசிய கிண்ணத்தை ஈரப்பதம் காக்கும் அலமாரியில் வைக்கிறார்கள். இந்த வேலைக்குப் பேர்போன வஜிமா ஊரில் ஒரு கிண்ணம் முடிய நூறு படிகளுக்கு மேல். அதன் மேல் மகி-எ என்கிற பொன்தூள் அலங்காரம் என்றால், உருஷியில் கோடு வரைந்து, அது இறுகுவதற்குள் சின்னக் குழாயை விரலால் மெல்லத் தட்டித் தட்டிப் பொன்தூளைத் தூவ வேண்டும். கை நடுங்கினால் போச்சு.

முதலில் தோலைப் பாருங்கள். நம் சேராங்கொட்டையும் உருஷியும் ஒரே குடும்பம், பால் பட்டால் அரிப்பும் கொப்புளமும் வரும். புதிதாகக் கற்பவர்கள் பலருக்கு இது வரும், நாளாக ஆகக் குறைகிறவர்களும் உண்டு, ஆனால் அவளுக்கு ஏற்கெனவே தோல் அலர்ஜி இருந்தால் தோல் மருத்துவரிடம் கேட்காமல் ஓரடி எடுத்து வைக்காதீர்கள்.

வஜிமாவிலேயே 1967-ல் தொடங்கிய இஷிகாவா மாகாணப் பயிற்சி நிலையம் இருக்கிறது, கற்பிப்பது ஜப்பானிய மொழியில். 2024 ஜனவரி 1 நிலநடுக்கமும் தீயும் அந்த ஊரையே புரட்டிப் போட்டன, அதனால் சேர்க்கை நிலவரத்தை அவர்களிடமே நேரடியாகக் கேளுங்கள். டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்திலும் இந்தக் கலைக்குத் தனிப் பிரிவு உண்டு. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை பற்றிச் சென்னைத் துணைத் தூதரகத்தில் விசாரிக்கலாம்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வருஷமே அனுப்ப வேண்டாம். இங்கே நுண்கலையோ டிசைனோ ஒரு டிகிரி முடிக்கட்டும், கூடவே ஜப்பானிய மொழி. ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். மனம் மாறினாலும் அந்த மொழிக்கு இங்கே வேலை இருக்கிறது. வருமானம் பற்றி மறைக்க மாட்டேன், கைத்தொழிலில் முதல் சில வருஷம் சம்பளம் குறைவு, வஜிமாவில் குருவிடம் பயிலும் காலமே வழக்கமாக நாலு வருஷம். ஆனால் அங்கே இளையவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், பழைய கோயில்களையும் பொருட்களையும் சீர்செய்யவும் இந்தக் கை தேவைப்படுகிறது.

அப்புறம், ஒரு சோதனை. பழைய மரத்தட்டு ஒன்றும் உப்புத்தாளும் வாங்கிக் கொடுங்கள். தினமும் மாலை ஒரு மணி நேரம், விரல் வைத்தால் வழுக்குகிற அளவுக்குத் தேய்க்கட்டும். நீங்கள் நினைவூட்டாதீர்கள். ஒரு மாதம் கழித்து அந்தத் தட்டோடு வாருங்கள், அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு.