பேவர் இடுக்கில் மணல்: கேள்வி பதில்

பேவர் பிளாக் (தரையில் பதிக்கும் சிமென்ட் கல்) பதித்து முடித்துவிட்டோம், ஒரு கல்லும் அசையவில்லை. இடுக்கில் மணல் போடுவது பார்வைக்குத்தானே?

இல்லை சார். தனித்தனிக் கற்களை ஒரே தரையாக வேலை செய்ய வைப்பதே அந்த மணல்தான். சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறும்போது, இடுக்கில் இறுகிய மணலின் உராய்வு வழியாகப் பாரம் பக்கத்துக் கற்களுக்கும் பரவும். இடுக்கு காலியாக இருந்தால் மொத்தப் பாரமும் அந்த ஒரு கல்லின் அடியில் இறங்கிவிடும். கல் ஆடத் தொடங்கும், விளிம்போடு விளிம்பு மோதி மூக்கு பெயரும். மணல் போடாத தரையில் வண்டி ஏற்றாதீர்கள்.

கல்லுக்கு அடியில் பரப்பிய மணல் நிறைய மிச்சம். அதையே கொட்டிக் கூட்டிவிடலாமா?

சலித்தால் ஆகும், அப்படியே கொட்டினால் ஆகாது. இடுக்கு 2 முதல் 4 மி.மீ. அகலம்தான். அடிமணலில் 4 மி.மீ. பருக்கையும் கிடக்கும். அது இடுக்கின் வாயிலேயே மாட்டிக்கொள்ளும். மேலே பார்த்தால் நிரம்பினாற்போல் இருக்கும், உள்ளே பொந்து. 2.36 மி.மீ. சல்லடையில் சலித்து, கீழே விழுவதை மட்டும் எடுங்கள். அதற்காக மாவு போன்ற பொடி மணலுக்கும் போகவேண்டாம், அது தண்ணீரோடு ஓடிவிடும். மண் கலந்த மணல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு மேலே வந்து பூக்கும்.

ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டுக் கையைத் திறந்து பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் இருக்கிறது. உதறிய பிறகும் உள்ளங்கையில் பழுப்பாகப் பொடி ஒட்டியிருந்தால் மண் இருக்கிறது. விரலிடுக்கில் சரசரவென்று ஒழுகினால்தான் அது இடுக்குக்கான மணல். பல வேலைகள் கெடுவது ஈர மணலால்தான். ஈரம் பருக்கைகளை ஒட்டவைப்பதால் என்ன அதிர்வு கொடுத்தாலும் கீழே இறங்காது. தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, கிளறிவிட்டு, நல்ல வெயிலில் காயவையுங்கள்.

ஆயிரம் சதுர அடிக்கு எத்தனை கிலோ வாங்கவேண்டும்? கல் 200 x 100 x 60 மி.மீ.

3 மி.மீ. இடுக்கு என்று வைத்தால் பரப்பில் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் இடுக்குதான். அதை 60 மி.மீ. ஆழத்தால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 2.6 லிட்டர், அதாவது சுமார் 4.2 கிலோ. ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். 390 கிலோ வரும். சேதாரத்துக்கும் பிறகு ஒருமுறை நிரப்புவதற்கும் சேர்த்து 450 முதல் 500 கிலோ வாங்குங்கள். இடுக்கு 5 மி.மீ. ஆகிவிட்டால் கணக்கு ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல் ஆகும். மிஞ்சிய மணலை மூட்டை கட்டி, நனையாத இடத்தில் வையுங்கள்.

கல்லை அதிர்த்து இறுக்கும் எந்திரம் எப்போது ஓட்டுவது? மணல் போடுவதற்கு முன்பா, பின்பா?

இரண்டு முறையும். கற்கள் நகராமல் தடுக்கும் ஓரக் கட்டைகள் முழுவதும் கட்டி, அதன் கலவை இறுகிய பிறகுதான் தொடங்கவேண்டும். 60 மி.மீ. கல்லுக்கு 20 முதல் 25 கிலோநியூட்டன் விசையுள்ள பிளேட் காம்பாக்டர் (அடித்தட்டு அதிரும் எந்திரம்) போதும். மணல் போடாமல் முதலில் இரண்டு தடவை ஓட்டுங்கள், இரண்டாவது தடவை முதலாவதற்குக் குறுக்காக. இதில் கல் அடிமணலில் உட்காரும். அடிமணலும் இடுக்கில் 20 மி.மீ. அளவுக்குக் கீழிருந்து ஏறும். உடைந்த கல் கண்ணில் படும் நேரம் இதுதான், இப்போதே மாற்றிவிடுங்கள். மணல் இறுகிய பிறகு ஒரு கல்லைப் பிடுங்குவது படாதபாடு.

பிறகு காய்ந்த மணலைக் கொட்டி, இடுக்குக்குக் குறுக்காக, மூலைவாட்டில் துடைப்பத்தால் தள்ளுங்கள். மேலே மெல்லிய படலமாக மணல் இருக்கும்போதே எந்திரத்தை ஓட்டுங்கள். மணல் இறங்கும், மறுபடி கூட்டி மறுபடி ஓட்டவேண்டும். மூன்று நான்கு சுற்றாவது ஆகும். ஒரே சுற்றில் நிரம்பிவிட்டது என்றால் நம்பாதீர்கள். வேலை பாதியில் நிற்கிறதென்றால், தடுப்பில்லாத ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே எந்திரம் ஓடவேண்டும், இல்லையென்றால் கற்கள் வெளியே நகர்ந்துவிடும்.

முடிந்ததா என்று பார்க்க ஒரு மெல்லிய பட்டித் தகட்டை எடுத்து, பத்துப் பதினைந்து இடத்தில் இடுக்கில் குத்திப் பாருங்கள். 5 மி.மீ.க்கு மேல் இறங்கினால் அங்கே இன்னும் பொந்து இருக்கிறது. கடைசியில் மணல் மட்டம் கல்லின் விளிம்புச் சாய்வுக்குச் சற்றுக் கீழே, மேல்தளத்திலிருந்து 3 மி.மீ. இறங்கி நிற்கவேண்டும்.

மணலில் கொஞ்சம் சிமென்ட் கலந்தால் கெட்டியாகுமே?

ஆகும், பிறகு விரியும். அடியில் மணல் மெத்தை நெகிழ்வானது, மேலே இடுக்கு விறைப்பானது. வெயிலுக்கும் பாரத்துக்கும் கல் நூலளவு அசைந்தாலே சிமென்ட் துண்டு துண்டாகப் பெயரும். கல்மேல் படியும் சிமென்ட் கறையும் எளிதில் போகாது.

பாலிமர் மணல் (தண்ணீர் பட்டால் இறுகும் பசைப்பொடி கலந்தது) போட்டோம். கல்மேல் வெள்ளையாகப் படலம், இடுக்கில் மேல் ஓடு மட்டும் கெட்டி, உள்ளே உதிரி.

இரண்டும் தண்ணீர் தெளிக்கும் வேளையில் வந்த தவறு. தண்ணீர் தெளிக்கும் முன் கல்மேல் இருக்கும் பொடியை ஊதுகருவியால் முழுக்க ஊதித் தள்ளவேண்டும். தங்கிய பொடிதான் படலமாகிவிட்டது. புதிதாக இருக்கும்போதே சுடுநீரும் முரட்டுப் பிரஷும் வைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போகும். உள்ளே உதிரியாக இருப்பது தண்ணீர் ஆழத்துக்குப் போகாததால். அந்த ஓட்டின்மேல் புது மணல் போட்டால் ஒட்டாது. சுரண்டி எடுத்துவிட்டு, நன்றாகக் காயவைத்து, மறுபடி நிரப்பி, பூந்தூறல்போல் சில நிமிட இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளியுங்கள். பீய்ச்சி அடிக்கக்கூடாது. 24 மணி நேரம் மழை படக்கூடாது.

ஒவ்வொரு மழைக்கும் ஒரே மூலையில் மட்டும் மணல் அரித்துப் போகிறது, அண்ணா.

மணலை மாற்றிப் பயனில்லை தம்பி, தண்ணீர் எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். கூரைக் குழாய் நேராக அங்கே கொட்டினால் குழாயை நீட்டி வடிகாலில் விடுங்கள். இல்லையென்றால் அடுத்தது வாட்டம் (தரையின் சரிவு): மீட்டருக்கு 15 முதல் 20 மி.மீ. இருக்கவேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் போகிறதென்றால் ஓரக் கட்டையின் அடியில் சந்து விட்டிருக்கும்.

இடுக்கில் புல் முளைக்கிறது. அடியில் பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கவேண்டுமோ?

புல் பெரும்பாலும் மேலிருந்து வரும் விதை. காற்றில் வந்த தூசி, காலியான இடுக்கில் தங்கி மண்ணாகிறது. அடியில் பிளாஸ்டிக் போட்டிருந்தால் தண்ணீர் தேங்கி அடிமணல் சேறாகியிருக்கும். வேரோடு பிடுங்கிவிட்டு இடுக்கை நிரப்புங்கள். பிரஷர் வாஷர் அடித்தால் விசிறி முனையைச் சாய்த்து அடியுங்கள், நேராகக் குத்தினால் மணல் மொத்தமும் வெளியே வரும்.

கல்மேல் வெள்ளை பூக்கிறது. சீலர் (மேலே பூசும் காப்புப் பூச்சு) அடித்து மூடிவிடலாமா?

மூடாதீர்கள், உள்ளே சிறைப்பட்டு நிரந்தரமாகிவிடும். சிமென்டில் உள்ள சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்வதால் வருவது அது. மழையிலும் நடமாட்டத்திலும் சில மாதத்தில் குறையும். இரண்டு மூன்று மாதம் விட்டு, நின்ற பிறகு, காய்ந்த தரையில் சீலர் அடியுங்கள்.

மழைநீர் இறங்குகிற, அகல இடுக்குப் பேவருக்கும் இதே மணலா?

அதில் மணல் போட்டால் துளையெல்லாம் அடைத்துப்போகும். கழுவிய பொடி ஜல்லி, 2 முதல் 6 மி.மீ. அளவு, போடுங்கள்.