வாசகர் கேள்வி – பதில்: மணலில் வெல்லும் படை

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து, அறுகோணக் கட்டங்களில் முறை வைத்து ஆடும் ஒரு போர்வியூகக் கணினி விளையாட்டை உருவாக்கி வருகிறோம். அதில் உள்ள பாலைவன அணி மணற்பரப்பில் எளிதாக வென்றதால், அதன் தாக்குதல் வலுவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தோம். இப்போது மொத்த ஆட்டங்களில் பாதியில் வெல்கிறது. ஆனாலும் ஆடிப் பார்ப்பவர்கள் குறை சொல்கிறார்கள். மணலில் அந்த அணியின் வீரர் அடிபடாமல் தப்பும் வாய்ப்பு 60%, எதிரிக்கு 30%. புல்வெளியில் இருவருக்கும் 40%. எங்கே தவறுகிறோம்?
– வாசகர், ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: ஆடிப் பார்ப்பவர்கள் சொல்வதே சரி. மணலில் உங்கள் வீரரின் அடி 70% விழுகிறது, எதிரியின் அடியோ 40%தான் விழுகிறது. அதாவது நீங்கள் எதையும் குறைப்பதற்கு முன்பு அந்த அணிக்கு 1.75 மடங்கு மேல்கை இருந்தது. ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்த பிறகும் அது 1.4 மடங்காக நீடிக்கிறது. ஆனால் சமமாக இருந்த புல்வெளியில் அதே அணி 0.8 மடங்காகத் தாழ்ந்துவிட்டது. நோய் மணலில் இருக்க, மருந்தைப் புல்வெளிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். பாதி வெற்றி என்ற உங்கள் கணக்கு, ஒரு வரைபடத்தில் ஆடும் முன்பே வென்றதையும் இன்னொன்றில் ஆடும் முன்பே தோற்றதையும் கூட்டி வகுத்த சராசரி மட்டுமே.

எனவே தாக்குதல் வலுவைப் பழையபடி வைத்துவிட்டு, மணலில் தப்பும் வாய்ப்பை 60-லிருந்து 40-க்கு இறக்குங்கள். மேல்கை அப்போது 1.17 மடங்காகச் சுருங்கும். அந்த அணியின் தனித்தன்மையை மணலைச் சாராத ஒன்றில் வைப்பதே என் பரிந்துரை. யார் வேண்டுமானாலும் மூலக்கோப்புகளைத் திறந்து படிக்கக்கூடிய 'பேட்டில் ஃபார் வெஸ்னாத்' விளையாட்டில், பகலில் வலுக்கும் படைகளுக்குப் பகற்பொழுதில் 25% கூடுதலும் இரவில் 25% குறைவும் உண்டு. காடானாலும் மணலானாலும் பொழுது ஒரே மாதிரிதான் நகரும் என்பதால், இத்தகைய பலம் எல்லா வரைபடங்களிலும் செல்லுபடியாகும். 'சிவிலைசேஷன் 6' விளையாட்டில் 2019-இல் சேர்க்கப்பட்ட மாலி அணி வேறு வழியில் போகிறது. நகர மையத்தை ஒட்டிய ஒவ்வொரு பாலைக் கட்டத்துக்கும் உணவு கிடைத்தாலும், கட்டடங்களையும் படைகளையும் உருவாக்கும் திறனில் 30% வெட்டு விழுகிறது; அந்தக் குறையைச் சுரங்கங்கள் தரும் பொன்னால் ஈடுசெய்ய வேண்டும். பொன் எந்த நிலத்திலும் செலவாகும்.

நம் பழைய திணை மரபில் பாலைநிலத்து எயினர் வழிப்போக்கரை மறைந்திருந்து தாக்குபவர்களாகவே வருகிறார்கள். நேருக்கு நேர் நின்று அடிவாங்கும் படையாக அல்ல. திடீர்த் தாக்குதலும் விரைந்து விலகுவதும் உங்கள் அணிக்கும் பொருந்தலாம்.

சோதனை முடிவுகளை வரைபடவாரியாகப் பிரித்து எழுதுங்கள். சில ஆட்டங்களை நம்பி எண்களை மாற்றாதீர்கள்: முழுச் சமபலமுள்ள இருவர் 10 ஆட்டங்கள் ஆடினாலும், அவர்களில் குறிப்பிட்ட ஒருவர் ஏழோ அதற்கு மேலோ வெல்வதற்கு 17% வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஒட்டகப் படை குதிரைப்படையை வெல்வதாகப் பல விளையாட்டுகளில் வருவது வெறும் கற்பனையா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: இல்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாரசீக மன்னர் சைரஸ் சுமை தூக்கும் ஒட்டகங்களை முன்னால் நிறுத்த, அவற்றின் வாடைக்கு மிரண்டு எதிரி நாடான லிடியாவின் குதிரைகள் பின்வாங்கியதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் குதிரைப்படைக்கு எதிராக ஒட்டகங்களுக்கு உள்ள கூடுதல் வலு எந்த நிலத்திலும் பொருந்தும். ஈட்டி வீரர்களிடம் மட்டும் அதே ஒட்டகங்கள் குதிரைகளைப் போலவே அடிவாங்கும். ஜாலஹள்ளி வாசகர் இதையும் கவனிக்கலாம்.