சிங்கப்பூர் பணம் பத்திரமாக இருக்கிறது, கரைவது நகைதான்

கேள்வி: ஐயா, சொந்த ஊர் அம்பாசமுத்திரம். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் 13 வருடமாக வேலை பார்க்கிறேன். இங்குள்ள வங்கியில் சாதாரண சேமிப்புக் கணக்கில் 46,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது. வெளிநாட்டு வங்கிகள் கவிழும் செய்திகளைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. மொத்தத்தையும் ஊருக்குக் கொண்டுவந்துவிடவா? வங்கியில் இருப்பவரோ அமெரிக்க டாலர் ஸ்ட்ரக்சர்டு டெபாசிட்டில் (வருமானம் சந்தையைப் பொறுத்து மாறும் வைப்பு) போடச் சொல்கிறார். 2021-ல் திருநெல்வேலி கேடிசி நகரில் 48 லட்சத்துக்கு வீடு வாங்கினேன். 24 லட்சம் கடன் பாக்கி, வட்டி 9.4%. பக்கத்து வீடு 44 லட்சத்துக்குத்தான் போனதாம். விற்றுவிடலாமா? மச்சினன் ரெட்டியார்பட்டி தாண்டி நான்குவழிச்சாலை ஓரம் 5 சென்ட் மனை பார்த்திருக்கிறார், 18 லட்சம். அவர் கடைக்காகவும் முந்தைய ஒரு மனை அட்வான்சுக்காகவும் 2022-ல் மனைவியின் 40 பவுனை வைத்து 10 லட்சம் வாங்கினோம். வருடாவருடம் மாற்றி வைத்ததில் இப்போது வங்கியில் 9 லட்சம் (9.5%), தனியார் பைனான்சில் 5 லட்சம் (18%) நிற்கிறது. மீதி 15 பவுனையும் வைக்கச் சொல்கிறார். சிங்கப்பூர் பணத்தில் கை வைக்க மனமில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது கடைசி வரியைத்தான். வங்கி கவிழுமா, வீட்டு விலை சரியுமா என்று கவலைப்படுகிறீர்கள். இரண்டிலும் இதுவரை உங்களுக்கு ஒரு ரூபாய் நட்டமில்லை. நகை விஷயத்தில் மூன்று வருடத்தில் 4 லட்சம் போய்விட்டது. அதை நட்டமாகவே நீங்கள் எழுதவில்லை.

வங்கிப் பயத்தை முதலில் முடித்துவிடுவோம். சிங்கப்பூரில் வெள்ளிக் கணக்கில் உள்ள பணத்துக்கு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 1 லட்சம் வெள்ளி வரை காப்பீடு உண்டு. 2024 ஏப்ரலில்தான் 75,000-லிருந்து உயர்த்தினார்கள். உங்கள் 46,000 முழுதாக அதற்குள் அடங்கிவிடுகிறது. இந்தியாவில் வரம்பு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய். வெள்ளியை 65 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் உங்கள் பணம் 30 லட்சம். அதை ஊரில் ஒரே வங்கியில் போட்டால் 25 லட்சத்துக்குக் காப்பீடு கிடையாது. பெரிய வங்கிகள் விழும் என்று சொல்லவில்லை. ஆனால் பயந்து எடுக்கும் முடிவில் காப்பு குறைகிறது என்பதைப் பாருங்கள்.

அந்த டாலர் டெபாசிட் இன்னும் மோசம். வெளிநாட்டு நாணய டெபாசிட்டுக்கும் ஸ்ட்ரக்சர்டு டெபாசிட்டுக்கும் சிங்கப்பூர்க் காப்பீடு இல்லை. பெயரில் டெபாசிட் என்று இருப்பதால் ஏமாறாதீர்கள். 2023 மார்ச்சில் கிரெடிட் சுவிஸ் வங்கியை யுபிஎஸ் எடுத்துக்கொண்டபோது டெபாசிட் போட்டவர்கள் பணம் தப்பியது. அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு அதே வங்கியின் ஏடி-1 பத்திரம் (வங்கி இக்கட்டில் விழுந்தால் நட்டத்தை ஏற்க வேண்டிய கடன் பத்திரம்) வாங்கியவர்களுக்குச் சுமார் 1,600 கோடி சுவிஸ் பிராங்க் பூஜ்யமானது. வங்கியின் பெயர் ஒன்றுதான், வாங்கிய பொருள் வேறு. கவுன்டரில் சிபாரிசு வந்தால் 'இது காப்பீட்டுக்குள் வருமா' என்று எழுத்தில் கேளுங்கள், போதும்.

இனி நகைக்கு வருவோம். 9 லட்சத்துக்கு 9.5% என்றால் வருடம் 85,500. 5 லட்சத்துக்கு 18% என்றால் 90,000. ஆக வருடத்துக்கு 1,75,500 ரூபாய், மாதம் 14,600-க்கு மேல். சிங்கப்பூரில் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டி 0.05 சதவீதம். 46,000 வெள்ளிக்கு வருடம் 23 வெள்ளி வருகிறது, அதாவது 1,500 ரூபாய். கை வைக்க மனமில்லாத அந்தப் பணத்தைக் காப்பாற்ற நீங்கள் வருடத்துக்குக் கொடுக்கும் விலை ஒன்றே முக்கால் லட்சம்.

இது ஏன் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை? தங்கம் விலை ஏறிக்கொண்டே இருந்தது. அதே 40 பவுனுக்கு ஒவ்வொரு வருடமும் கூடுதல் தொகை கிடைத்தது. பழைய அசலையும் வட்டியையும் புதுக் கடனில் கழித்துக்கொண்டு மாற்றி வைத்தார்கள். கையிலிருந்து எதுவும் போகாததால் வட்டி கட்டியது போலவே தெரியவில்லை. ஆனால் 10 லட்சம் 14 ஆனது. தங்கம் ஒரு வருடம் இறங்கினாலோ, ஏறாமல் நின்றாலோ, மாற்றி வைக்கும்போது கையிலிருந்து போடச் சொல்வார்கள். போட முடியாவிட்டால் ஏல நோட்டீஸ் வரும். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளும் இந்தப் பழக்கத்தைத்தான் இறுக்குகின்றன. கடைசியில் மொத்தமாகக் கட்டும் நகைக்கடனுக்கு 12 மாதம்தான் கெடு. சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் புதுப்பிக்கலாம். 5 லட்சத்துக்கு மேல் போனால் நகை மதிப்பில் 75 சதவீதம்தான் கடன்.

செய்ய வேண்டியது இது. எல்லா அடகு ரசீதுகளையும் மனைவியிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கிராம் எடை, வட்டி, கெடு தேதி, முக்கியமாக யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ரசீது மச்சினன் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்து இல்லாமல் நகை திரும்பாது. அப்படியென்றால் அவர் கூட வரும் நாளில்தான் பணம் கட்ட வேண்டும். 21,500 வெள்ளியை உங்கள் என்ஆர்இ கணக்குக்கு (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் இங்கே வைக்கும் ரூபாய்க் கணக்கு) அனுப்புங்கள். உண்டியலில் (ஹவாலா) அனுப்பாதீர்கள், அந்தப் பணத்துக்குக் கணக்கும் இருக்காது, என்ஆர்இ-யிலும் போட முடியாது. அங்கிருந்து நேரே கடன் கணக்குக்கே மாற்றுங்கள், யார் கையிலும் கொடுக்க வேண்டாம். 18 சதவீதக் கடன் முதலில், வங்கிக் கடன் அடுத்து. கட்டி முடித்த அன்றே, அதிகம் போனால் 7 வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும். அவர்கள் தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பதும் அந்தப் புதிய விதியில் இருக்கிறது. திருப்பிய நகையை எடை போட்டு வாங்கச் சொல்லுங்கள்.

மீதி 24,500 வெள்ளி அங்கேயே இருக்கட்டும். ஆறு மாதச் செலவைச் சேமிப்பில் வைத்து, பாக்கியை வெள்ளியிலேயே நிரந்தர வைப்பிலோ சிங்கப்பூர் அரசின் சேமிப்புப் பத்திரத்திலோ போடலாம்.

மனை வேண்டாம். காரணம் விலை மட்டுமல்ல. நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர், விவசாய நிலம் வாங்க அனுமதி இல்லை. அந்த 5 சென்ட் ஆவணத்தில் இன்னும் புஞ்சையாக இருக்கிறதா, டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம் உண்டா என்று மச்சினன் எழுதவில்லை, நீங்களும் கேட்கவில்லை. 'இப்போதைக்கு என் பெயரில் பதிந்துவிடுவோம்' என்று அவர் சொன்னால் அது பினாமி சட்டத்தில் மாட்டும். மனைவி பெயரில் வாங்க அந்தச் சட்டம் விலக்கு தருகிறது, மனைவியின் தம்பிக்குத் தரவில்லை. பத்திரச் செலவு 9 சதவீதம், தரகு 2 சதவீதம் என்றால் 18 லட்சத்தில் ஏறத்தாழ 2 லட்சம் வாங்கிய அன்றே போகிறது. அடகு வட்டி அதற்கு மேல். முந்தைய மனைக்குக் கொடுத்த அட்வான்ஸ் என்ன ஆனது என்றும் கடிதத்தில் இல்லை. அதற்கான ஒப்பந்தத்தையும் வில்லங்கச் சான்றையும் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.

வீட்டை விற்க வேண்டியதில்லை. உங்கள் குடும்பம் அங்கே குடியிருந்தால் பக்கத்து வீட்டு விலை உங்கள் தவணையை மாற்றாது. தவணை தவறாத வரை விலை இறங்கியதற்காக வங்கி கடனைத் திருப்பிக் கேட்காது. கேட்க வேண்டியது நீங்கள்தான். 2025-ல் ரெப்போ வட்டி (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 6.50-லிருந்து 5.25-க்கு இறங்கியது, உங்களுக்கு மட்டும் ஏன் 9.4 நிற்கிறது? கடன் எந்த அளவுகோலோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு, ரெப்போ அடிப்படைக்கு மாற்ற மறுத்தால் வேறு வங்கிக்குக் கடனை மாற்றுங்கள். மிதக்கும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது.

மச்சினனிடம் சண்டை வேண்டாம். கடைக்குக் கொடுத்தது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, மாதம் எவ்வளவு திருப்பித் தர முடியும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பேச்சு முடியும் வரை லாக்கர் சாவி உங்கள் மனைவியிடமே இருக்கட்டும், மீதி 15 பவுன் வெளியே வரக் கூடாது.