சில நாடுகளில் ஏன் எல்லாமே டப்பிங், சில நாடுகளில் ஏன் எல்லாமே சப்டைட்டில்?

இத்தாலி, ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில் ஹாலிவுட் படங்கள் பெரும்பாலும் டப்பிங்கில் ஓடுகின்றன. ஸ்வீடன், நெதர்லாந்து, டென்மார்க்கில் அதே படங்கள் சப்டைட்டிலோடு ஓடுகின்றன. இது மக்களின் ரசனை வித்தியாசம்தானா என்பது கேள்வி.

இல்லை என்பது என் பதில். ரசனை பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. முதலில் முடிவு செய்தவை இரண்டு: சந்தையின் அளவு, அப்புறம் 1930-ஐ ஒட்டிச் சில அரசாங்கங்கள் போட்ட விதிகள். நான் சென்னையில் பதினோரு வருஷமாக டப்பிங் வசனம் எழுதுகிறேன். திரையில் உதடு மூடும் இடத்தில் ஒரு ‘ம’வோ ‘ப’வோ வந்து விழவேண்டும் என்பதற்காக, ஒரே வரியோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டும் வேலை. இந்தத் தொழில் எங்கே பிறந்தது என்று தேடப்போய்த்தான் இந்தக் கதைக்குள் விழுந்தேன்.

மௌனப்பட காலத்தில் மொழி ஒரு பொருட்டே இல்லை. இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை வெட்டிவிட்டு உள்ளூர் மொழி அட்டைகளை ஒட்டினால் படம் தயார். ஹாலிவுட்டின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிநாடுகளிலிருந்து வந்தது. ஐரோப்பிய நாடுகளும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மனி 1921-லிருந்தே இறக்குமதிக்கு வரம்பு வைத்திருந்தது. பிரிட்டன் 1927-லும் பிரான்ஸ் 1928-லும் சட்டம் கொண்டுவந்தன. எல்லாமே தலை எண்ணும் சட்டங்கள். இத்தனை வெளிநாட்டுப் படத்துக்கு இத்தனை உள்நாட்டுப் படம், அவ்வளவுதான். பிரிட்டனில் இந்தக் கணக்கைச் சரிக்கட்டுவதற்காகவே அமெரிக்க விநியோகஸ்தர்கள் ஃபிலிம் அடிக்கு ஒரு பவுண்டு என்று பேசி, அவசர அவசரமாகப் படங்களை எடுக்கவைத்தார்கள்.

அதே 1927-ல் இந்தியாவிலும் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. தலைவர் மதராஸ் வக்கீல் டி. ரங்காச்சாரியார். பிரிட்டிஷ் பேரரசில் எடுத்த படங்களுக்கு இங்கே சலுகை கொடுக்கலாமா என்பது அதன் முன் இருந்த கேள்விகளில் ஒன்று. தேவையில்லை, வளர்க்கவேண்டியது இந்தியப் படத்தொழிலைத்தான் என்று 1928 அறிக்கை சொன்னது. அரசாங்கம் அதைக் கிடப்பில் போட்டுவிட்டது. ஆனாலும் அந்தக் காலத்தில் அப்படி எழுதியதை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான்.

சரி, பேசும்படத்துக்கு வருவோம். ஆச்சரியம் என்னவென்றால், முதல் பெரிய சண்டை மொழியை வைத்து வரவில்லை, இயந்திரத்தை வைத்து வந்தது. 1929-ல் ஜெர்மனியின் டோபிஸ்-கிளாங்ஃபிலிம் தரப்பு, ஒலிக் காப்புரிமை எங்களுடையது என்று நீதிமன்றம் போய், அமெரிக்கக் கம்பெனியான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஒலிக் கருவிகளுக்கு அங்கே தடை வாங்கியது. பதிலுக்கு அமெரிக்கக் கம்பெனிகள் ஜெர்மனிக்குப் பேசும்படம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டன. கடைசியில் 1930 ஜூலையில் பாரிஸில் உட்கார்ந்து உலகத்தையே பாகப்பிரிவினை செய்தார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்காண்டிநேவியா எல்லாம் ஒரு பக்கம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சோவியத் யூனியன், இந்தியா இன்னொரு பக்கம். மிச்சமிருந்த பல நாடுகள் இருவருக்கும் பொது. ‘ஆலம் ஆரா’ பம்பாயில் வெளியானது 1931 மார்ச்சில். நம் நாட்டில் எடுத்த ஒரு முழுநீளப் படம் வாய் திறப்பதற்கு எட்டு மாதம் முன்பே நாம் யார் பங்கு என்று முடிவாகிவிட்டது.

இயந்திரத் தகராறு தீர்ந்தாலும் மொழி தீரவில்லை. ஹாலிவுட் முதலில் செய்தது இன்று கேட்டால் நம்பமுடியாத வேலை: ஒரே படத்தை மொழிக்கு ஒரு தடவை புதிதாக எடுப்பது. பாரமவுண்ட் பாரிஸுக்குப் பக்கத்தில் ஜோன்வீலில் இதற்கென்றே 1930-ல் ஸ்டூடியோ நடத்தியது. செட் ஒன்றுதான். ஒரு மொழி நடிகர்கள் காட்சியை முடித்து இறங்கினால் அடுத்த மொழி நடிகர்கள் அதே சோபாவில் வந்து உட்காருவார்கள். சில படங்கள் பத்து மொழிக்கு மேல் போயின. யூனிவர்சல் ‘டிராகுலா’வை ஆங்கிலத்தில் பகலிலும், அதே செட்டில் ஸ்பானிய நடிகர்களை வைத்து இரவிலும் எடுத்தது. செலவு தாங்கவில்லை. கூட்டமும் வரவில்லை, ஏனென்றால் ஜனங்கள் பார்க்க வந்தது அந்த அமெரிக்க நட்சத்திரத்தின் முகத்தை.

இந்த இடத்தில் இத்தாலியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும். முசோலினி அரசாங்கம் 1930 அக்டோபரில், திரையில் வேற்றுமொழிப் பேச்சே கேட்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. டப்பிங் இன்னும் கைக்கு வராத நேரம். அதனால் பேச்சை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, இசையையும் சத்தங்களையும் வைத்துக்கொண்டு, நடுநடுவே இத்தாலிய எழுத்து அட்டைகளைச் செருகினார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது, பியானோ கேட்கிறது, கதாநாயகன் வாயைத் திறக்கிறான், உடனே ஓர் அட்டை. நூறு சதவீதம் பேசும் படத்தை நூறு சதவீதம் படிக்கும் படமாக்கிவிட்டார்கள். குரலையே தொழிலாக வைத்திருப்பவனுக்கு இதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் டப்பிங் வந்தது. ஆனால் முதலில் அதை இத்தாலியில் செய்யவில்லை. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களை வைத்து அங்கேயே பேசவைத்து அனுப்பினார்கள். அந்த உச்சரிப்பு ஊர்க்காரர்கள் காதில் உறுத்தியது. 1933-ல் இத்தாலி அடுத்த விதியைக் கொண்டுவந்தது: டப்பிங் செய்வதானால் எங்கள் மண்ணில், எங்கள் ஆட்களை வைத்துச் செய்யவேண்டும். பிரான்ஸ் 1932-லேயே அப்படிச் செய்திருந்தது. அதோடு, மூலமொழியிலேயே ஓடும் வெளிநாட்டுப் படங்களை விரல்விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்களுக்குள் அடக்கியும் வைத்தது. ஜெர்மனியும் அதே வழியில் போனது. ஸ்பெயினில் டப்பிங்கைக் கட்டாயமாக்கிய உத்தரவு பிற்பாடு, 1941-ல் சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் வந்தது.

தலை எண்ணும் சட்டங்களைவிட இவை ஆழமாக வேர்விட்டன என்பது என் எண்ணம். படம் வெளிநாட்டுடையது, குரல் உள்நாட்டுடையது. ஒலிக்கூடம், வசனம் எழுதுகிறவர், பேசுகிற நடிகர் எல்லோருக்கும் உள்ளூரிலேயே சம்பளம். சில வருஷங்களில் அது ஒரு தொழிலாகவே நின்றுவிட்டது. ஒரு தலைமுறை அந்தக் குரல்களோடு வளர்ந்தபிறகு, இதுதான் எங்கள் ரசனை என்று சொல்லத் தொடங்கியது.

ஸ்வீடனின் கணக்கு எளிது. அன்று அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 60 லட்சம். அவ்வளவு சின்னச் சந்தையில் ஒவ்வொரு படத்துக்கும் டப்பிங் செலவை எடுக்கமுடியாது. சப்டைட்டிலுக்கு அதில் ஒரு துளிதான் ஆகும். டென்மார்க், நெதர்லாந்து எல்லாம் இதே கதை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி ஹாலிவுட்டின் நகைச்சுவை ஜோடி லாரல்-ஹார்டி. 1930 வாக்கில் அவர்களே இத்தாலியன், ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் என்று பேசி நடித்தார்கள். மொழி தெரியாது. கேமராவுக்கு வெளியே கரும்பலகையில் உச்சரிப்பை எழுதிவைக்க, அதைப் பார்த்து ஒப்பித்தார்கள். இத்தாலிய ஜனங்கள் அந்தத் தப்பான உச்சரிப்பையே ரசித்தார்கள். பிறகு இத்தாலிய நடிகர்கள் அவர்களுக்குக் குரல் கொடுத்தபோது, தப்பைத் திருத்தவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டார்கள். ஹார்டிக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஆல்பர்ட்டோ சோர்டி. ‘ஸ்டூபிடோ’ என்ற சொல்லில் இத்தாலியர்கள் முதலசையை அழுத்துவார்கள். அந்தப் படங்களில் ஹார்டி கோபமாக நடு அசையை அழுத்துகிறார்: ஸ்டு-பீ-டோ. யூடியூபில் அந்தத் துண்டை எத்தனை முறை திருப்பித் திருப்பிக் கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை.