மாமியாரை நான் பார்க்கிறேன், என்னை யார் பார்ப்பது?

கேள்வி: மாமியாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கைதான். வீட்டுக்காரர் தறிக்குப் போனால் ராத்திரிதான் வருவார். தூக்கிப் புரட்டி என் இடுப்பே போய்விட்டது. தனியார் நர்ஸ் வைக்க வசதியில்லை.
வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: முதலில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டும்தான் வீட்டுக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான ஆதரவு சிகிச்சையும் உண்டு, எல்லாம் இலவசம். நர்ஸ் வந்தால் புரட்டும் முறையைச் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். தனியாகத் தூக்கவே தூக்காதீர்கள், உடம்புக்கு அடியில் மடித்த பெட்ஷீட்டைப் போட்டு அதை இழுத்துத் திருப்பினால் உங்கள் இடுப்பு தப்பிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும், அப்புறம் அது தனி அவஸ்தை. மருத்துவச் சந்தேகத்துக்கு 104, முதியோர் உதவிக்கு 14567.

சரி, வீட்டுக்காரருக்கு வாரத்தில் ஒருநாள் லீவு இருக்குமே? அன்று அரைநாள் அவர் அம்மாவை அவரே பார்க்கட்டும். நீங்கள் கோட்டை மாரியம்மனைப் பார்த்துவிட்டு வாங்க, இல்லை சும்மா தூங்குங்க.