அப்பாவின் நடையை வீடியோவில் சோதிக்க முடியுமா?

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 71 வயது அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். கிளினிக்குக்குப் போய் வருவதற்குள் களைத்துவிடுகிறார். பிசியோதெரபிஸ்ட், இனி வீடியோ அழைப்பில் பார்க்கலாம் என்கிறார். தொடாமல் எப்படிச் சோதிப்பார்?

பதில்: தொட்டால்தான் தெரியும் என்பவை இரண்டு உண்டு, சகோதரி. மூட்டுகளை அசைத்து அறியும் தசை இறுக்கம் ஒன்று. பின்னால் நின்று தோளைச் சட்டென இழுத்து, சமாளித்து நிற்கிறாரா என்று பார்ப்பது மற்றொன்று. இவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும். தோளை இழுக்கும் சோதனையை வீட்டில் முயலவே கூடாது. விரல் தட்டுவது, எழுவது, நடப்பது, திரும்புவது எல்லாம் திரையிலேயே தெரியும்.

கிளினிக்கில் பிடிபடாத ஒன்றும் வீட்டில் பிடிபடும். அங்கே அகன்ற கூடத்தில் சரளமாக நடப்பவர், வீட்டுச் சமையலறை வாசலுக்கு வந்ததும் நின்றுவிடுவார். உடல் முன்னே சாயும், முழங்கால் நடுங்கும், குதிகால் எழும். பாதம் மட்டும் தரையில் ஒட்டியதுபோல் இருக்கும். அந்த வாசலையும் கழிவறைத் திருப்பத்தையும் வெளிப்படிகளையும் கட்டாயம் காட்டுங்கள்.

மாத்திரை நேரத்தைக் குறித்துவையுங்கள். பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை வேலை செய்யும்போது ஒரு நடை, அதன் வேகம் அடங்கியபின் வேறு நடை. ஒவ்வொரு அழைப்பும் மாத்திரைக்குப் பின் அதே இடைவெளியில் அமைந்தால்தான் ஒப்பிட முடியும்.

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரும்படி பிசியோதெரபிஸ்ட் அப்பாவிடம் சொல்வார். 16 வினாடிக்கு மேல் பிடித்தால் விழும் அபாயம் அதிகம் என்று கொள்கிறோம். சக்கரமில்லாத, சுமார் 45 சென்டிமீட்டர் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எப்போதும் அதே நாற்காலி. நடப்பதற்கான 3 மீட்டரைச் சுவரோரம் அடையாளமிடுங்கள். தரையில் குறுக்குக்கோடு போட்டால் அதைத் தாண்டும் நினைப்பிலேயே அப்பா காலை நன்றாக எடுத்துவைப்பார். உண்மையான நடை மறைந்துவிடும்.

தலை முதல் பாதம் வரை தெரியும்படி போனை மேசையில் சாய்த்துவையுங்கள். கையில் பிடிக்காதீர்கள், உங்கள் இரு கைகளும் அப்பாவுக்கு வேண்டும். அவருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் நில்லுங்கள். மின்வெட்டிலோ வேறெதிலோ இணைப்பு அறுந்தால் முதலில் அவரை உட்கார வைத்துவிட்டுப் போனைத் தொடுங்கள். படம் விட்டுவிட்டு வந்தால் சீரான விரல் தட்டலும் தடுமாற்றமாகத் தோன்றும். அப்போது போனிலேயே பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.

அண்மையில் விழுந்திருந்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ வீடியோவுக்குக் காத்திராதீர்கள். களைப்பானாலும் நேரில் அழைத்துப் போங்கள்.