பதில்: பிரம்பா, நட்பா? எட்டாம் வகுப்பில் தவிக்கும் பி.எட். மாணவிக்கு

16 வாரப் பள்ளிப் பயிற்சியில் வழிகாட்டி ஆசிரியர் பிரம்பை எடு என்கிறார், நட்பாகப் போனால் வகுப்பு சந்தைக்கடையாகிறது, எந்த மாதிரி ஆசிரியராவது என்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பிரம்பை விடுங்கள், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே அதற்கு இடம் தரவில்லை.

நானும் முதல் வருடம் நல்ல அக்காவாக இருக்கப் பார்த்தேன், தொண்டை கட்டியதுதான் மிச்சம். அப்புறம் ஒருநாள் ஒரு பையன் 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருந்தான். வழக்கமாகச் சிவப்பு மையில் அடித்துவிட்டு நகர்ந்துவிடுவேன், அன்று என்னவோ "எப்படிடா வந்தது?" என்று கேட்டேன். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டினானாம். "சரி, அரை தோசையோடு இன்னொரு துண்டு வைத்தால் அரையை விடக் குறைந்துவிடுமா?" பின் பெஞ்சு வரை சத்தம் நின்றது.

நாளைக்கு ஒரு தப்பான விடையை, போட்டவர் பெயர் சொல்லாமல், கரும்பலகையில் எழுதி ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். சத்தத்துக்கு இரண்டே விதி போதும், ஆனால் அதில் நீங்கள் ஒருநாளும் மாறக் கூடாது. வழிகாட்டி ஆசிரியரோடு மட்டும் இப்போதைக்கு வாதாடாதீர்கள், மதிப்பெண் போடுவதில் அவருக்கும் பங்கு இருக்குமே!